கேஜ் ஓடுற ரயிலுக்கு அடியில கான்கிரீட் எத்தனை இஞ்சு? 8ஆ 12ஆ?

செம்பனை_செல்வன்
வணக்கம். தெலுக் இந்தான் பக்கம் ஒரு பாம் ஆயில் மில்லுல மெயின்டனன்ஸ் பாக்குறேன், எந்த மில்லுன்னு கேக்காதீங்க. எங்களுக்கு ரேம்புல பனங்குலை ரொப்பி, அத ஸ்டீம்ல வேக வைக்கிற ஸ்டெரிலைசர் வரைக்கும் கேஜ், அதாவது குலை ஏத்தற சக்கர வண்டி, போறதுக்கு ரெண்டு லைன் ரயில் இருக்கு. அந்தத் தரைய மூணு வருஷத்துக்கு முன்னதான் புதுசா போட்டாங்க, 6 இஞ்சு கான்கிரீட். இப்ப பாத்தா ரயில ஒட்டியே நீளத்துக்கு வெடிச்சு கெடக்கு, சில எடத்துல பேந்து துண்டு துண்டா வருது, போன மாசம் மட்டும் ரெண்டு தடவ கேஜ் தடம் புரண்டுச்சு, ஒரு தடவ குலையெல்லாம் கொட்டி அள்ளி முடிக்கறதுக்குள்ள ஷிப்டே மாறிப்போச்சு.

கண்ட்ராக்டர் வந்து பாத்தாரு, 12 இஞ்சு போடணும்னாரு. மேனேஜரு 8 போதும், 12தான்னா கணக்கு காட்டு, கையெழுத்து போடுறேன்னு சொல்லிட்டாரு. நான் மெக்கானிக்கல் படிச்ச ஆளு, பேரிங் கேளுங்க சொல்றேன், தரையப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீளம் 60 மீட்டர், அகலம் 4. ரெண்டுக்கும் வித்தியாசம் 24 கன மீட்டர், அதாவது மிக்ஸர் லோரி நாலு. கேஜ் ஒண்ணு குலையோட சேத்து 7 டன், நாலு சக்கரம். ரயில் மீட்டருக்கு 22 கிலோ எடையுள்ள ரயில். யாராச்சும் சொல்லுங்க.

ஒட்டுக்கடை_ராஜா
நம்ம ஊருல வந்து தரைய பத்தி கேள்வி கேக்குறியா தம்பி 😂 1885ல தண்ணித் தொட்டிக்குன்னு கட்டுன கோபுரம் இன்னிக்கும் சாஞ்சுக்கிட்டு நிக்குது, டூரிஸ்டு வந்து கையால தாங்கற மாதிரி போட்டோ எடுக்குறான். உன் மில்லையும் அப்படி ஆக்கிட்டா டிக்கெட் போட்டு சம்பாதிக்கலாம்.

கம்பி_கண்ணகி
ராஜா ஜோக்கா சொன்னாலும் பாதி விஷயம் அதுலயே இருக்கு. கோபுரத்துக்கு செங்கல் பத்தாமயா சாஞ்சுது? மேல தண்ணி பாரம், கீழ சவ மண்ணு, பாரம் ஏறுனா எறங்கற மெத்து மண்ணு.

செல்வன், நானும் நம்ம ஊருதான், இப்ப கோலாலம்பூர்ல ரயில் டிராக் வேலை. மொதல்ல ஒரு ஒப்பீடு சொல்றேன், அப்பதான் 12 இஞ்சுன்னா என்னன்னு புரியும். ஜெர்மனியில ரேடா 2000னு ஒரு ஸ்லாப் டிராக், அதாவது கல்லுக்குப் பதிலா கான்கிரீட் பலகை மேல போட்ட பாதை, அதிவேக ரயில் ஓடுறது, ஸ்லாப் தடிப்பு 240 மி.மீ. ஜப்பான் ஷிங்கான்சென்ல கீழ வைக்கிற ரெடிமேட் ஸ்லாப் 190 மி.மீ.தான். ஒரு அச்சுக்கு பதினஞ்சு டன்னுக்கு மேல வர்ற பாரத்துக்கே இவ்ளோதான். உங்க கேஜ் ஒரு அச்சுக்கு மூணரை டன். 12 இஞ்சுன்னா 300 மி.மீ. ஜெர்மன்காரனுக்கு 240 போதும், தெலுக் இந்தான்ல குலை தள்ற வண்டிக்கு 300 வேணுமான்னு உங்க மேனேஜரு கேட்டா தப்பு சொல்ல முடியாது.

ஆனா அந்த 240 தனியா நிக்கலங்கறத மறந்துடக் கூடாது. அதுக்கு அடியில சிமெண்ட் கலந்து இறுக்குன கல் அடுக்கு 300 மி.மீ., அதுக்கும் கீழ நல்லா தட்டி டெஸ்ட் பண்ணுன மண்ணு. ஜப்பான்லயும் ஸ்லாபுக்கு கீழ சிமெண்டும் தாரும் கலந்த சாந்து ஒரு மெத்த மாதிரி, அதுக்குக் கீழ இன்னொரு கான்கிரீட் படுக்கை. மேல ரயிலுக்கு அடியில ரப்பர் பேடு. அந்தப் பேடு இருக்கறதால ரயில் லேசா வளையும், வளையும்போது பாரம் நாலஞ்சு பேடுக்குப் பிரியும். 60 கிலோ ரயில், ஜெர்மன் பேடு, 65 செ.மீ. இடைவெளின்னு வெச்சு கணக்கு போட்டா சக்கரத்துக்கு நேர் கீழ இருக்கற பேடுக்கு மூணுல ஒரு பங்குதான் வரும். உங்க மில்லுல ரயில நேரா கான்கிரீட்லதானே பொதைச்சிருக்காங்க? அப்ப அந்தப் பிரிவினையே கெடையாது, வர்றது அப்படியே எறங்கும்.

பாலிடெக்_பையன்
அக்கா அப்ப நம்ம நாட்டு ரயிலு கேடிஎம்முக்கும் ஸ்லாப்தானா? தாப்பா ரோடு ஸ்டேஷன்ல நான் பாத்தது எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சே

பிவே_மண்டோர்
கல்லுதாம்பா. கேடிஎம் மெயின் லைன் கல்லு, அதுக்கு மேல கான்கிரீட் கட்டை, ரெட்டைப் பாதை போட்டப்பவும் அப்படித்தான் போட்டாங்க. ஸ்லாப்புங்கறது டன்னல்லயும் பாலத்து மேலயும் பெரிய டவுன்ல தூண் மேல ஓடுற எல்ஆர்டி எம்ஆர்டிக்கும் பாப்ப. நான் 31 வருசம் பிவேல இருந்தவன், பெர்மனண்ட் வேங்கறத நாங்க அப்படித்தான் சொல்லுவோம், கேங்குல சேந்து மண்டோரா, அதாவது கேங்குக்கு மேஸ்திரியா ரிட்டையர் ஆனேன். ராஜா சொன்னாரு பாரு 1885, அதே வருசம்தான் தைப்பிங்ல இருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவோட மொத ரயிலும் ஓடுச்சு, அந்தப் பாதை போட்டதுல சிலோன்ல இருந்து வந்த ஆளுங்க நெறைய. நம்ம ஊருக்கும் 1893ல தாப்பா ரோட்டுல இருந்து லைன் வந்துச்சு, அப்ப தெலுக் ஆன்சன்னு பேரு. இப்ப லைனும் இல்ல அந்தப் பேரும் இல்ல, வயசானவன் பேச ஆரம்பிச்சா இப்படித்தான் எங்கியோ போயிடுது.

செல்வா, நீ கணக்கெல்லாம் அப்புறம் பாரு. மழை பேஞ்ச மறுநாள் கேஜ் ஓடும்போது வெடிப்பு கிட்ட குந்தி உக்காந்து பாரு, சக்கரம் ஏறும்போது வெடிப்புல இருந்து சேத்துத் தண்ணி வெளிய வருதான்னு. நாங்க அத "சேறு கக்குது"ன்னு சொல்லுவோம். கக்குச்சுன்னா கீழ மண்ணு கரைஞ்சு போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, ஒரு சுத்தியல எடுத்து அடிக்கு ஒரு தடவ ஸ்லாப்ப தட்டிக்கிட்டே நடந்து போ. மண்ணு மேல உக்காந்திருந்தா டங்குனு கேக்கும், பொள்ளையா இருந்தா டொப்புன்னு கேக்கும். காசு செலவில்லாத டெஸ்டு.

லோரி_லிங்கம்
கண்ட்ராக்டர் சொன்னா உடனே எல்லாரும் திருடன் மாதிரி பேசாதீங்க, நானும் சின்னதா கண்ட்ராக்ட் எடுக்கறவன்தான். என் அனுபவத்துல பிஆர்சி கம்பி வலை ரெண்டு லேயர் போட்டா 6 இஞ்சே போதும். மூணு வருஷம் முன்ன போட்டவன் ஒரு லேயர்தான் போட்டிருப்பான், பந்தயம்.

கம்பி_கண்ணகி
லிங்கம் அண்ணே, பிஆர்சி ஸ்லாப்புக்கு பலம் கூட்டறதில்ல, வெடிச்ச பிறகு வெடிப்ப விரியாம பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலை. ஏ10 வலைன்னா ஒரு மீட்டர் அகலத்துக்கு 393 சதுர மி.மீ. கம்பி, 150 மி.மீ. ஸ்லாப்புல அது கால் சதவீதம். ஜெர்மன் ஸ்லாப்புல ஜாயின்டே இல்லாம தொடர்ச்சியா போறதால 0.8, 0.9 சதவீதம் போடறாங்க, அதையும் ஸ்லாப்போட நடு உயரத்துலதான் வைக்கிறாங்க. நடுவுல இருக்கற கம்பி வளைவுக்கு ஒண்ணும் தாங்காது, வெடிப்பு ஊசி கணக்கா இருக்கறதுக்கு மட்டும்தான். தரை ஸ்லாப்புல வளைவத் தாங்கறது கான்கிரீட்டோட சொந்த பலம், அதனாலதான் தடிப்புக்கு இவ்ளோ சண்ட.

செல்வன் ஒரு கேள்வி. அந்தத் தரையில கேஜ் மட்டும்தான் ஓடுதா?

செம்பனை_செல்வன்
இல்லக்கா, ஷவலும் போகும். ரேம்புல கீழ விழுந்த குலையெல்லாம் அள்ளறதுக்கு வீல் லோடர் ஒண்ணு நாள் பூரா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரயில தாண்டித்தான் போகும். அதுக்கு சுத்திப் போற சடக்கு தனியா இருக்கு, ஆனா டிரைவரு எங்க கேக்குறாரு, ஷார்ட் கட்டு. ரயில் மட்டமும் தரை மட்டமும் ஒண்ணா இருக்கணும்னு பொதைச்சதே அதுக்காகத்தான். சும்மா கவனிச்சதுல ஒரு ஷிப்டுக்கு 30, 40 தடவ தாண்டும். ஏன் கேக்குறீங்க? ஷவல் எடை 10 டன்னுதான்.

கம்பி_கண்ணகி
ஏன் கேக்குறேன்னா உங்க தரைய ஒடைக்கிறது கேஜ் இல்ல, ஷவலு!!

வெறும் வண்டி 10 டன், வாளியில குலை அள்ளித் தூக்கும்போது பாரமெல்லாம் முன் அச்சுக்கு வந்துடும், முன் சக்கரம் ஒண்ணுக்கு 5 டன்னு வெச்சுக்கலாம். கேஜ் சக்கரம் ஒண்ணேமுக்கால் டன். ரோடு காரங்க வச்சிருக்கற நாலாம் அடுக்கு விதி தெரியுமா, அமெரிக்காவுல 1950கள் கடைசியில லோரிய விட்டு ஓட்டி ஓட்டி பாத்த டெஸ்டுல இருந்து வந்தது, பாரம் ரெண்டு மடங்கானா சேதம் பதினாறு மடங்கு. அந்தக் கணக்குல ஷவல் சக்கரம் ஒரு தடவ தாண்டுனா கேஜ் சக்கரம் அறுபது எழுபது தடவ உருண்ட மாதிரி. கான்கிரீட்டுக்கு இந்த விதி இன்னும் மோசமா போகும்.

சரி கணக்கு. இதுக்கு வெஸ்டர்கார்டு 1926ல குடுத்த சூத்திரம் இன்னிக்கும் ஓடுது. கான்கிரீட் கிரேட் 30, மண்ணு நம்ம ஊரு சவ மண்ணுன்னு வெச்சு கே மதிப்பு, அதாவது மண்ணு எவ்ளோ விறைப்புங்கற அளவு, 20 போட்டேன். ஷவல் சக்கரம் ஸ்லாப்போட ஓரத்துல நிக்கும்போது வர்ற இழுவை: 150 மி.மீ. தடிப்புக்கு 3.4, 200க்கு 2.2, 250க்கு 1.6, 300க்கு 1.2 மெகாபாஸ்கல். கிரேட் 30 கான்கிரீட் வளைவுல தாங்கறது ஒரு 3.8. ஒரே ஒரு தடவ வர்ற பாரம்னா 3.4க்கும் தாங்கிடும், ஆனா தினம் வந்தா அலுத்துப் போய் வெடிக்கும். பலத்துல பாதிக்கு கீழ இருந்தா கவலையே இல்லன்னு ஒரு பழைய கைக்கணக்கு, அதாவது 1.9க்கு கீழ. 150ல 0.9 பங்கு வருது, அது மூணு வருஷம் நின்னதே பெரிசு. 200ல 0.58, கொஞ்சம் தாண்டுது. 250ல நிம்மதி.

பாலிடெக்_பையன்
அக்கா ஒரு டவுட்டு, இதே 200ஐ வெச்சுக்கிட்டு கீழ மண்ண நல்லா ஆக்குனா? எங்க லெக்சரரு மண்ணுதான் எல்லாம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு

கம்பி_கண்ணகி
நல்ல கேள்வி, பதிலு கேட்டா ஏமாந்து போவ. கே மதிப்ப 20ல இருந்து 80க்கு ஏத்துனேன், நாலு மடங்கு. 200 மி.மீ. ஸ்லாப்புல இழுவை 2.2ல இருந்து 1.8தான் எறங்குது, அஞ்சுல ஒரு பங்கு கூட முழுசா இல்ல. தடிப்ப வெறும் 2 இஞ்சு கூட்டுனாலே நாலுல ஒரு பங்குக்கு மேல எறங்குது.

லோரி_லிங்கம்
பாத்தியா, தடிப்புதான் ராஜா. மண்ணு கிண்ணுலாம் சும்மா.

பிவே_மண்டோர்
லிங்கம், அவசரப்படாதீங்க. அந்தச் சூத்திரம் ஸ்லாப்பு முழுக்க மண்ணத் தொட்டுக்கிட்டே இருக்குன்னு நம்பி எழுதுனது. மண்ணு மெத்துன்னு இருக்கலாம், அது குத்தமில்ல, எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி மெத்துன்னு இருந்தா ஸ்லாப்பு படகு மாதிரி மெதந்துக்கிட்டு கெடக்கும். மண்ணே இல்லாம போச்சுன்னா என்ன சூத்திரம்?

கம்பி_கண்ணகி
ஐயா சரியா புடிச்சிட்டாரு. அதுக்கு இன்னும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, மூலைக்குக் கீழ ஒண்ணுமே இல்லன்னா சக்கர பாரத்த மூணால பெருக்கி தடிப்போட வர்க்கத்தால வகுத்துடு, அவ்ளோதான். 150 மி.மீ.க்கு 6.7 வருது, மொத தடவையே ஒடையணும். 200க்கு 3.75, மயிரிழையில தப்பிக்கும் இல்ல ஒடையும். 300க்குத்தான் 1.7. ஆக மண்ணு ஸ்ட்ராங்கா இருக்கறதுல மிச்சமாகறது அஞ்சுல ஒரு பங்கு, மண்ணு காணாமப் போனா நஷ்டம் ரெண்டு மடங்கு. உங்க லெக்சரரு சொன்னது தப்பில்ல தம்பி.

பிவே_மண்டோர்
இன்னொண்ணு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். செல்வா, 22 கிலோ ரயில்னு சொன்ன. அந்த ரயிலு உயரம் எவ்ளோன்னு அளந்து பாத்தியா?

செம்பனை_செல்வன்
ஸ்டோர்ல ஒரு துண்டு கெடந்துச்சு, வெர்னியர் வெச்சு பாத்தேன், 93, 94 மி.மீ. ஏன் ஐயா?

பிவே_மண்டோர்
தரை மட்டத்துக்கு ரயில் தலை. ஸ்லாப்பு 150. ரயில் அடிக்கட்டைக்குக் கீழ மிச்சம் எவ்ளோ?

செம்பனை_செல்வன்
56 மி.மீ.!!!!! அடப்பாவி. ரெண்டு இஞ்சு சொச்சம். அதனாலதான் வெடிப்பு ரயில ஒட்டியே நேரா கோடு போட்ட மாதிரி போகுதா???

ஒட்டுக்கடை_ராஜா
சாக்லெட்டு கட்டிய ஒடைக்க கோடு போட்டு வெச்சிருப்பான்ல, அதே மாதிரி நாலு கோடு போட்டு ஷவல ஏத்திவிட்டிருக்கீங்க

கம்பி_கண்ணகி
எனக்கே வெக்கமா இருக்கு, கணக்கு போட்ட நான் கேக்கவேயில்ல, 150ன்னதும் 150ன்னே எடுத்துக்கிட்டேன். ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

இப்ப திரும்ப பாருங்க. மேனேஜரு சொல்ற 8 இஞ்சு மொத்தம்னா ரயிலுக்குக் கீழ 106 மி.மீ.தான். கண்ட்ராக்டர் சொல்ற 12 இஞ்சு மொத்தம்னா ரயிலுக்குக் கீழ 206, அதாவது 8 இஞ்சு. செல்வன், கண்ட்ராக்டர்கிட்ட 12ன்னு எதுல இருந்து எதுவரைக்கும் சொல்றாருன்னு கேட்டீங்களா?

செம்பனை_செல்வன்
இப்பதான் போன் போட்டேன். "ஆமாண்ணே, கீழ 8, ரயிலு வெச்சு லெவல் பாத்துட்டு மேல 4 ஊத்தி மூடிடுவேன், அப்படித்தான் எல்லா எடத்துலயும் பண்றேன்"ங்கறாரு. அத கொட்டேஷன்ல ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா! மேனேஜருகிட்ட போய் நீங்க சொன்ன 8உம் அவரு சொன்ன 12உம் ஒண்ணுதான் சார்னு சொன்னேன், ரெண்டு நிமிஷம் என்ன ஒரு மாதிரி பாத்தாரு.

லோரி_லிங்கம்
நான் மொதல்லயே சொல்லல, கண்ட்ராக்டர் எல்லாரும் திருடன் இல்லன்னு 😎

கம்பி_கண்ணகி
அந்த 8க்குக் கீழ என்ன போடறாருன்னும் கேளுங்க. வெறும் மண்ணுன்னா எனக்கு திருப்தியில்ல, மேல பாத்தீங்கள்ல, 200 மி.மீ. தனியா நின்னா 0.58. கீழ 150 மி.மீ. லீன் கான்கிரீட், அதாவது சிமெண்ட் கம்மியா கலந்தது, போட்டா 1.8 ஆகும், 0.47 பங்கு, பாதிக்குக் கீழ வந்துடும். அதவிட முக்கியம் லீன் கான்கிரீட் தண்ணியில கரையாது. குருஷர் ரன்னுங்கற ஒடைச்ச கல்லு மட்டும் போட்டா அடியில இருக்கற சவ மண்ணு கல்லுக்கு நடுவுல ஏறி வந்துடும், ஒரு ஜியோடெக்ஸ்டைல் துணியாச்சும் நடுவுல வேணும். ஜாயின்ட் நாலரை மீட்டருக்கு ஒண்ணு வெட்டி பேனல் பேனலா பிரிச்சு, ரெண்டு பேனலையும் இணைக்கற 25 மி.மீ. டவல் பார் கம்பி வையுங்க, ஒரு பேனல் மேல ஏறுன பாரத்துல பக்கத்து பேனலும் பங்கு எடுத்துக்கணும். மேல ஊத்தற 4 இஞ்ச நான் பலத்துல சேக்கவே இல்ல, அது போர்வை மாதிரி.

பாலிடெக்_பையன்
மண்ணுக்குள்ள பாக்காவ் மரக் கட்டை அடிச்சா என்ன? நம்ம பக்கம் பழைய வீட்டுக்கெல்லாம் அதானே

கம்பி_கண்ணகி
அடிச்சா முழுசா அடிக்கணும், ஒழுங்கா டிசைன் பண்ணி. பாதி எடத்துல கட்டை பாதி எடத்துல மண்ணுன்னா கட்டை இருக்கற எடம் எறங்காது, மத்தது எறங்கும், நடுவுல ஸ்லாப்பு முறியும். செல்வன், ஸ்டெரிலைசர் ஆழமா அடிச்ச பைல் தூண் மேலதானே நிக்குது? கதவு கிட்ட தரையில படி விழுந்திருக்கான்னு பாருங்க.

செம்பனை_செல்வன்
இருக்கு, ஒரு இஞ்சு. கேஜ் உள்ள ஏறும்போது டமார்னு இடிக்கும், கேப்ஸ்டன்ல கயிறு சுத்தி இழுக்கற ஆளு வேகமா இழுத்துத்தான் ஏத்துவாரு. நாங்க தகடு வெல்டிங் பண்ணி பண்ணி சமாளிக்கிறோம். தடம் புரண்டது ரெண்டு தடவையும் அங்கதான். மொத போஸ்டுலயே சொல்லியிருக்கணும், தனி பிரச்சினைன்னு நெனச்சு விட்டுட்டேன்.

பிவே_மண்டோர்
பாலத்து வாயில எப்பவுமே இந்தத் தொல்லைதான். பாலம் எறங்காது, மண்ணுப் பாதை எறங்கும், வண்டி இடிக்கும், இடிக்க இடிக்க இன்னும் எறங்கும். நாங்க மாசா மாசம் போய் கல்லு போட்டு தட்டிக்கிட்டே இருப்போம், கல்லுப் பாதையில அந்த வசதி உண்டு. ஸ்லாப்பு ஒரு தடவ எறங்குனா தூக்கறது பெரும்பாடு. அதனால கதவு கிட்ட ஒரு பேனல மட்டும் ஒரு பக்கம் ஸ்டெரிலைசர் பவுண்டேஷன் மேல ஒக்கார வெச்சு, மறுபக்கம் மண்ணு மேல விடச் சொல்லு, சாய்வுப் பலகை மாதிரி. மண்ணு எறங்குனாலும் படி விழாது, லேசா சாயும், அவ்ளோதான்.

லோரி_லிங்கம்
இதுல நானும் ஒண்ணு சொல்றேன், மில்லு தரை வேற எந்தத் தரை மாதிரியும் இல்ல. ஸ்டெரிலைசர்ல இருந்து வர்ற தண்ணி புளிப்பு, எண்ணெயும் கலந்திருக்கும், அது சிமெண்ட அரிச்சுடும். நான் பாத்த மில்லு ஒண்ணுல காவாய் ஓரம் கான்கிரீட்ல கல்லு மட்டும் பல்லு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், சிமெண்டே இருக்காது.

கம்பி_கண்ணகி
அண்ணே இது முக்கியமான பாயிண்டு, நான் விட்டுட்டேன். அந்தக் கண்டென்சேட்டு பிஎச் நாலு அஞ்சு வாக்குல இருக்கும், போதாக்குறைக்கு சூடு வேற, 3 பார் ஸ்டீம்ல 140 டிகிரிக்கு மேல வெந்துட்டு கேஜு வெளிய வருது. மேல வருஷத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும்னு வெச்சு 10, 20 மி.மீ. கூடுதலா விடறது நல்லது, அந்தப் போர்வை 4 இஞ்சு அதுக்கும் ஆவும். தண்ணி நிக்காம ஓட காவாய்க்கு சரிவு விடுங்க. ஜாயின்ட்ல ரொப்பற சீலன்ட்டு சூடும் எண்ணெயும் தாங்கறதா பாத்து வாங்குங்க, சாதாரண தார் ஊத்துனா ஒரு வாரம்.

ஒட்டுக்கடை_ராஜா
பக்கத்துல யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் தோட்டத்துல இன்னும் சின்ன ரயில்லதான் குலை வருது, காட்டுக்குள்ள மண்ணு மேலயே போட்ட ரயிலு. அங்க ஸ்லாப்பு கிடையாதே, எப்படி ஓடுது?

பிவே_மண்டோர்
ஏன்னா அங்க ரயில் கோணிச்சுன்னா நாலு பேரு கடப்பாறை எடுத்துட்டுப் போய் நிமித்திடுவாங்க. மண்ணு மேல போட்ட பாதைக்கு ஆளு வேணும், கான்கிரீட்டுக்கு ஆளு வேணாம், ஆனா மொத நாளே எல்லாத்தையும் சரியா பண்ணியிருக்கணும். காடு பூரா கான்கிரீட் போட யாருகிட்ட காசு இருக்கு. மில்லு வாசல்ல நாள் பூரா கேஜ் ஓடும், நடுவுல நிறுத்தி நிமித்த நேரம் கெடையாது.

செம்பனை_செல்வன்
அப்டேட்டு. பத்து நாளா போஸ்ட் போடல, மன்னிக்கணும், பீக் கிராப், மில்லு மூச்சு விடல.

சுத்தியல் எடுத்துக்கிட்டு தட்டிப் பாத்தேன். மொத ரெண்டு பேனல் டங்கு. மூணாவதுல இருந்து டொப்பு டொப்புன்னு, கதவு வரைக்கும் அப்படியே. பசங்கெல்லாம் பாத்து சிரிச்சானுங்க, மெயின்டனன்ஸ் அண்ணனுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு. அப்புறம் ஞாயித்துக்கிழமை ஸ்டாப்புல மூணாவது பேனல்ல ஒரு துண்டு வெட்டித் தூக்குனோம். கான்கிரீட் 6 இஞ்சு இல்ல, 5 சொச்சம், 130 மி.மீ. அப்ப ரயிலுக்குக் கீழ 36 மி.மீ.!! அதுக்குக் கீழ ஒரு சாண் காலி. கையவிட்டா கரும் சேறு, எண்ணெய் வாடை. எங்கிருந்துடா தண்ணி வருதுன்னு பாத்தா பக்கத்து காவாய் ஓரத்துல வெடிச்சு, காவாய்த் தண்ணியே ஸ்லாப்புக்கு அடியில பூந்து ஓடிக்கிட்டிருக்கு.

மேனேஜர கூட்டிட்டு வந்து காட்டுனேன், குனிஞ்சு கைய உள்ள விட்டுப் பாத்தாரு, ஒண்ணும் பேசல, அன்னிக்கு சாயங்காலமே கையெழுத்து. கீழ 150 லீன் கான்கிரீட், மேல 200, அதுக்கு மேல ரயில், போர்வை. காவாய் மொதல்ல, அப்புறம்தான் ஸ்லாப்பு. கதவு கிட்ட மண்டோர் ஐயா சொன்ன சாய்வுப் பேனல். ரெண்டு லைன்ல ஒரு லைன ஓட விட்டுட்டு மத்தத ஒடைக்கிறோம். ஷவலுக்கு ஒரே ஒரு எடத்துல தாண்ட கிராசிங், அங்க மட்டும் கீழ 250, மத்த எடத்துல இரும்புத் தூண் நட்டு அடைச்சிடறோம். டிரைவரு என்கூட பேசறதில்ல இப்ப.

கம்பி_கண்ணகி
கிராசிங்குக்கு 250 நானே சொல்லணும்னு இருந்தேன். கான்கிரீட் பலம் பாக்கற கியூப் டெஸ்டு எடுக்கச் சொல்லுங்க, ரசீது கையில வாங்கிக்கோங்க. ஊத்தறதுக்கு முன்ன நீங்களே டேப்பு வெச்சு ஆழம் அளந்து போட்டோ எடுத்துடுங்க, போன தடவ காணாமப் போன 20 மி.மீ. அப்படித்தான் போயிருக்கும்.

பிவே_மண்டோர்
எப்ப ஊத்தறீங்க?

செம்பனை_செல்வன்
சனிக்கிழமை காலையில ஐயா, அஞ்சு மணிக்கு மொத லோரி. ஏழு நாள் ஈரம் காயாம வெச்சிருக்கச் சொன்னாங்க, மூடறதுக்கு சாக்கு எடுத்து வெச்சிட்டேன், ஸ்டோர்ல பனங்கொட்டைப் பருப்பு வந்த கர்னல் சாக்கு நெறைய கெடக்கு.

பிவே_மண்டோர்
கர்னல் சாக்குல எண்ணெய் ஊறியிருக்கும்பா. நல்லா அலசிட்டுப் போடு.